பின்பக்கம் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாதா? மலேசியா ஓபன் இருக்கைச் சண்டை

செந்தூல்காரன்
நேற்று இங்கே ஒருவர், மலேசியா ஓபன் பேட்மிண்டன் போட்டிக்கு முதல் முறையாகப் போகிறவர்களுக்கு என்று ஒரு பதிவு போட்டிருந்தார். கோலாலம்பூரில் எல்ஆர்டி ரயிலில் போங்கள், புக்கிட் ஜாலில் நிலையத்தில் இறங்கி நடந்தால் அரங்கம், உள்ளே குளிரும், கையோடு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். அதுவரை சரி. அப்புறம் ஒரு வரி: "கோர்ட்டுக்குப் பக்கவாட்டில் டிக்கெட் எடுங்கள். பின்பக்கம் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது."

ஒன்றும் தெரியாதா? அந்த இடத்துக்கு புத்ரா உள்ளரங்கம் என்று பெயர் இருந்த காலத்திலிருந்து நான் பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் பின்கோட்டுக்கு, பின்னால்தான் உட்காருகிறேன். தொலைக்காட்சிக் கேமரா எங்கே நிற்கிறது? பின்னால். கோச் எங்கே நாற்காலி போட்டு உட்காருகிறார்? பின்னால். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து இங்கும் அங்கும் போவதைக் கழுத்து வலிக்கப் பார்க்கலாம், அவ்வளவுதான். முக்கியமாக, ஏர்கான் காற்று ஷட்டிலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அங்கிருந்து ஜென்மத்துக்கும் தெரியாது. காற்று தெரியாதவனுக்கு ஆட்டமும் தெரியாது. புதிதாக வருகிறவர்களைக் கெடுக்காதீர்கள்.

கிள்ளான்வாசி
அந்தப் பதிவை எழுதியது நான்தான். "ஒருவர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம்.

காற்றைப் பற்றிச் சொன்னீர்கள். காற்று நீளவாக்கில் அடிக்கும்போது ஒரு முனையிலிருந்து தூக்கி அடிக்கும் லிஃப்ட் கோட்டைத் தாண்டி விழும். மறுமுனையிலிருந்து அதே அடி பாதியில் செத்து விழும். இதைப் பக்கவாட்டில் இருப்பவன்தான் பார்க்க முடியும். பின்னால் இருப்பவனுக்கு எல்லாப் பந்தும் நேராகத் தன் மூக்கை நோக்கி வருவது போலத்தான் இருக்கும். பேஸ்லைனைக் கவனிக்கும் லைன் ஜட்ஜ் எங்கே உட்காருகிறார் என்று அடுத்த முறை பாருங்கள். பக்கவாட்டில், கோட்டுக்கு நேராக. நடுவர் நாற்காலியும் நெட்டுக்குப் பக்கத்தில்தான். அவர்களுக்கும் ஒன்றும் தெரியாதா?

செந்தூல்காரன்
சைட்லைனைக் கவனிக்கும் லைன் ஜட்ஜ் எங்கே உட்காருகிறார்? பின்னால். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை மறைக்கிறீர்கள். கோச்சைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. நம் ஒற்றையர் நட்சத்திரம் லீ சோங் வெய்க்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் பின்னால் உட்கார்ந்துதான் சொன்னார்கள். அவர்களைவிட உங்களுக்குக் காற்று தெரியுமோ?

பினாங்குப்பெண்
கோச் அங்கே உட்காருவது அவர் விருப்பமா அண்ணே? அந்த இடத்தில்தான் நாற்காலி போடுகிறார்கள். இடைவேளையில் ஆட்டக்காரரிடம் ஓடிப்போய்ப் பேச வசதி, அதற்காகத்தான்.

நான் கிள்ளான்வாசி பக்கம். ஸ்மாஷ் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது, நெட் அடி நாடாவை ஒட்டி எப்படி உருண்டு விழுகிறது, இதெல்லாம் பக்கவாட்டில் இருந்தால்தான் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் ஆளே பந்தை மறைத்துக்கொண்டு நிற்பார். ஒரு மனிதர் எவ்வளவு உயரம் எகிறி அடிக்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். நம் பியர்லி டான் சோதனையில் மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த ஸ்மாஷ் பெண்களில் உலக சாதனை. அந்தக் கையை முதன்முதலாகப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

செந்தூல்காரன்
தங்கச்சி, நீங்கள் சொல்வதெல்லாம் ஒற்றையருக்குக்கூட முழுதாகப் பொருந்தாது. பியர்லி ஆடுவது இரட்டையர். இரட்டையரைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது வீண். பியர்லி பின்னாலிருந்து அடிக்கிறாள், அவள் ஜோடி தீனா முன்னால் நெட்டில் காத்திருக்கிறாள். தாங்களே பந்தைத் தூக்கினால் உடனே இருவரும் இடம் மாறிப் பக்கத்துக்கு ஒருவராகப் பிரிகிறார்கள். அந்தச் சுழற்சியும் நடுவில் விழும் இடைவெளியும் பின்னால் இருப்பவனுக்குத்தான் திறந்த புத்தகம். பக்கவாட்டில் பார்த்தால் நால்வரும் ஒருவர் மேல் ஒருவர் அடுக்கி வைத்தது போலத் தெரிவார்கள்.

2025இல் பாரிஸில் இந்த இரண்டு பெண்களும் உலகப் போட்டி இறுதி வரை போனார்கள். மலேசியப் பெண்கள் இரட்டையரில் அதற்கு முன் யாரும் போனதில்லை. அதையாவது ஒழுங்கான இடத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்கிறேன். காற்றும் அங்கிருந்துதான் தெரியும்.

மைலாப்பூர்_ஷட்டில்
வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். 2023 மே மாதம் மலேசியா மாஸ்டர்ஸ் பார்க்க இதே அரங்குக்கு வந்தேன். எங்கள் இந்திய வீரர் பிரணாய் இறுதியில் சீனாவின் வெங் ஹாங்யாங்கை மூன்று கேமில் வென்ற நாள். மேலே மலிவான மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இருக்கைக்கு இவ்வளவு சண்டை எதற்கு? நம் தமிழர் பஞ்ச் குணாளன் கொண்டுவந்த 21 புள்ளி முறையில் ஆட்டம் விறுவிறுவென்று போகிறது, எங்கே உட்கார்ந்தாலும் ரசிக்கலாம்.

கிள்ளான்வாசி
"நம் தமிழர்" என்று சொல்வதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் பஞ்ச் குணாளன் மலேசியக் கொடிக்கு ஆடியவர். 1971இல் ங் பூன் பீயோடு ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம், 1974இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். அப்போதெல்லாம் சென்னையில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொன்னார்கள்? 21 புள்ளி வந்த பிறகு திடீரென்று சொந்தமாகிவிட்டார்.

மைலாப்பூர்_ஷட்டில்
நான் பாராட்டித்தானே எழுதினேன்? இதில் கோபிக்க என்ன இருக்கிறது?

செந்தூல்காரன்
21 புள்ளி முறை பெருமைப்பட வேண்டிய விஷயமா என்பது தனிக் கதை. பழைய 15 புள்ளி ஆட்டத்தில், சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. ஒரு புள்ளிக்கு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். கோலாலம்பூர் ஸ்டேடியம் நெகாராவில் 1992 தாமஸ் கிண்ண, அதாவது ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி, இறுதியில் நான் உள்ளே இருந்தேன். 25 ஆண்டுகளுக்குப் பிறகு நாம் இந்தோனேசியாவை 3-2 என்று வென்ற ராத்திரி. அந்த ராத்திரி எங்கே உட்கார்ந்தேன் தெரியுமா? பேஸ்லைனுக்குப் பின்னால்.

மூலையில் உட்கார்ந்து எல்லாம் தெரிந்தது என்று மைலாப்பூர் தம்பி சொல்கிறார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சொல்லட்டும், பார்ப்போம்.

கிள்ளான்வாசி
1992இல் உள்ளே இருந்தேன் என்று சொல்கிறவர்களை எல்லாம் கூட்டினால் பத்து ஸ்டேடியம் நெகாரா கட்ட வேண்டும்.

செந்தூல்காரன்
உங்களுக்கு அப்போது பால்பல் விழுந்திருக்காது. பொறாமைக்கு நான் பதில் சொல்வதில்லை. லீ சோங் வெய் சீனாவின் லின் டானிடம் மூன்றாவது கேமில் 13-20 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு மலேசியா ஓபனை வென்றாரே, அதையும் நம் அரங்கில் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் நான். கடைசிப் புள்ளிகளில் லின் டானின் பந்துகள் ஏன் தப்பின என்று எனக்குத் தெரியும். காற்று.

ஜொகூர்பாரு_டிராப்
அண்ணே, மன்னிக்கணும். நீங்கள் சொல்லும் அந்த 2006 இறுதி ஆட்டம் நடந்தது சரவாக், கூச்சிங்கில். புக்கிட் ஜாலிலில் இல்லை. 21-18, 18-21, 23-21. அந்த ஸ்கோர் எனக்கு மனப்பாடம். கூச்சிங்கில் என் மாமா வேலை பார்த்தார், அவர்தான் போனில் கத்திக்கொண்டே சொன்னார்.

கிள்ளான்வாசி
ஆகா. அப்படியானால் செந்தூல் அண்ணன் புக்கிட் ஜாலிலில் உட்கார்ந்துகொண்டு கூச்சிங் காற்றைப் பார்த்திருக்கிறார். பின்வரிசையின் மகிமை இப்போதுதான் புரிகிறது.

செந்தூல்காரன்
கூச்சிங் எந்த நாட்டில் இருக்கிறது? நம் நாட்டில். நம் அரங்கில் என்றுதானே சொன்னேன்? புக்கிட் ஜாலில் என்று நான் எழுதிய வரியைக் காட்டுங்கள். எழுத்தைப் பிடித்துத் தொங்குவது வாதம் இல்லை. சோங் வெய் இந்தப் பட்டத்தை 12 முறை வாங்கியிருக்கிறார். எந்த ஊர், எந்த ஆண்டு என்று பரீட்சை வைக்கவா இங்கே வந்தோம்? நான் கேட்பது ஒரே கேள்வி. பக்கவாட்டிலிருந்து காற்று தெரியுமா, தெரியாதா?

பழைய_லைன்ஜட்ஜ்
நான் மாநில அளவில் லைன் ஜட்ஜாக உட்கார்ந்தவன். ஒரு விஷயம் சொல்கிறேன். நீங்கள் இருவரும் வேறு வேறு காற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள். குறுக்கே அடிக்கும் காற்று பந்தை சைட்லைன் பக்கம் தள்ளும். அது பின்னாலிருந்து தெரியும். நீளவாக்கில் அடிக்கும் காற்று பந்தை பேஸ்லைனுக்கு வெளியே தள்ளும். அது பக்கவாட்டிலிருந்து தெரியும். அதனால்தான் லைன் ஜட்ஜ்களை இரண்டு இடத்திலும் உட்கார வைக்கிறார்கள். எந்தக் காற்று என்று முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

செந்தூல்காரன்
பார்த்தீர்களா? லைன் ஜட்ஜே சொல்லிவிட்டார், பின்னாலிருந்து தெரியும் என்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கிள்ளான்வாசி
பக்கவாட்டிலிருந்து தெரியும் என்றும்தான் அவர் சொல்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

பினாங்குப்பெண்
சரி, காற்றை விடுங்கள். என் பிரச்சினை வேறு. எங்கே உட்கார்ந்தாலும் தலைக்குப் பின்னால் ஒருவர் அந்த பலூன் குழல்களை டமடமவென்று அடிக்கிறார். ஆட்டம் முடியும்போது காது இரைகிறது. ரேலி நடக்கும்போதும் அடிக்கிறார்கள். சர்வீஸ் போடும் நேரத்திலாவது நிறுத்தக் கூடாதா?

ஜொகூர்பாரு_டிராப்
அக்கா, சத்தம் இல்லாமல் பேட்மிண்டன் என்ன பேட்மிண்டன்? ஜகார்த்தாவின் இஸ்தோரா செனாயான் அரங்கில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். தன் ஆள் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் மொத்த அரங்கமும் ஒரே குரலில் கத்தும். உடம்பு சிலிர்க்கும். நம் ஆட்கள் அதில் பாதிகூட இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

செந்தூல்காரன்
இஸ்தோராவைப் புகழாதே தம்பி. 1967 தாமஸ் கிண்ணம் தெரியுமா? அதே அரங்கில் மலேசியா 4-3 என்று முன்னிலையில் இருந்தபோது கூட்டம் கட்டுமீறிப் போய், ரெஃப்ரி ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தையே நிறுத்தினார். மீதியை நியூசிலாந்தில் ஆடச் சொன்னார்கள். இந்தோனேசியா மறுத்தது. கிண்ணம் நமக்கு வந்தது. பார்வையாளன் என்றால் ஆட்டத்துக்குத் துணையாக இருக்க வேண்டும். நம் அரங்கில் கிண்ணத்தைக் கத்திப் பறிக்கப் பார்ப்பதில்லை. குழல் அடிக்கிறோம், ஆனால் ஆட்டம் தெரிந்து அடிக்கிறோம்.

பினாங்குப்பெண்
அப்படியானால் குழல் அடிப்பது நீங்கள்தானா?

செந்தூல்காரன்
அடிப்பேன். நம் ஆள் புள்ளி எடுத்தால் அடிப்பேன். அது என் உரிமை.

மைலாப்பூர்_ஷட்டில்
பிரணாய் ஆடும்போது எங்கள் பத்துப் பேரைச் சுற்றி இந்தக் குழல் சத்தம்தான். ஆனாலும் ஜெயித்த பிறகு உள்ளூர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதை நான் மறக்கவில்லை. எங்கள் இரட்டையர் வீரர் சாத்விக் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த ஸ்மாஷை ஒருநாள் இதே அரங்கில் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

கிள்ளான்வாசி
565 ஜப்பானில் சோதனைக்காக அடித்தது. போட்டியில் அடித்தது இல்லை. உலகப் பட்டம் என்றால் 2022 தோக்கியோவில் நம் இரட்டையர் ஜோடி ஆரோன் சியாவும் சோ வூய் யிக்கும் எடுத்தது. மலேசியாவின் முதல் உலகப் பட்டம் அது.

மைலாப்பூர்_ஷட்டில்
அதே ஆரோன், சோ ஜோடியை 2023 இந்தோனேசியா ஓபன் இறுதியில் சாத்விக்கும் அவர் ஜோடி சிராகும் வென்றார்கள். அது போட்டியில் அடித்ததுதான்.

ஜொகூர்பாரு_டிராப்
அதற்கு முன்னால் அவர்கள் ஆரோன், சோவிடம் எத்தனை முறை தோற்றார்கள் என்றும் சொல்லுங்கள்.

பழைய_லைன்ஜட்ஜ்
நான் கேட்டது எந்தக் காற்று என்று. யாரும் பதில் சொல்லவில்லை.

செந்தூல்காரன்
காற்று காற்றுதான் ஐயா. ஏர்கான் ஓடுகிறது, காற்று வருகிறது, பந்து நகர்கிறது. பின்னால் இருப்பவன் பார்க்கிறான். மூன்றாவது கேமில் 11 புள்ளியில் முனை மாறும்போது ஆட்டம் எப்படித் தலைகீழாகிறது என்று அங்கிருந்து பார்க்க வேண்டும். அதுவரை தூக்கித் தூக்கி ஆடியவன் திடீரென்று டிராப்பும் நெட்டுமாக மாறுவான். ஏன் மாறுகிறான் என்று பக்கவாட்டில் பாப்கார்ன் தின்கிறவனைக் கேளுங்கள்.

கிள்ளான்வாசி
முனை மாறினால் எதிர்த்து அடித்த காற்று பின்னாலிருந்து அடிக்கும், அதனால்தான் மாறுகிறான். அது நீளவாக்குக் காற்று. பக்கவாட்டில் தெரியும் காற்று. உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்.

செந்தூல்காரன்
நான் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் திரிக்கிறீர்கள். அரையிறுதி நாளன்று வாருங்கள். உங்கள் பக்கவாட்டு இருக்கையில் நீங்கள், என் இடத்தில் நான். எந்த லிஃப்ட் வெளியே போகும் என்று பந்து விழும் முன்பே எழுதி வைப்போம்.

கிள்ளான்வாசி
வருகிறேன். டிக்கெட் காசு என்னுடையது என்னோடு, உங்களுடையது உங்களோடு. போன முறை ஒன்றாக எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒருவர் எனக்கு இன்னும் தராத ரிங்கிட் பாக்கி இருக்கிறது.

செந்தூல்காரன்
அது தனிப்பட்ட விஷயம், இங்கே இழுக்காதீர்கள். அந்த டிக்கெட் பக்கவாட்டு டிக்கெட். அதற்குக் காசு கேட்கவே நீங்கள் வெட்கப்பட வேண்டும்.

பினாங்குப்பெண்
சர்வீஸ் நேரத்தில் குழலை நிறுத்துவீர்களா, மாட்டீர்களா?