ரோமியோ ஜூலியட்டில் மணமகனாக வரும் மரணம்: விளக்கம் தேவை

வணக்கம். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் காதலும் சாவும் பிணையும் அணிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ரோமியோ மணமானவன் என்றால் கல்லறையே தன் மணப்படுக்கையாகும் போலும் என்று முதல் அங்கத்திலேயே ஜூலியட் சொல்கிறாள். நான்காம் அங்கத்தில், மருந்து குடித்து மயங்கிக் கிடக்கும் ஜூலியட்டை இறந்தவளென்று நம்பிய அவள் தந்தை கப்யூலெட், மரணமே தன் மருமகன், மரணமே தன் வாரிசு என்று புலம்புகிறார். இறுதிக் காட்சியில் ரோமியோ, மரணம் என்னும் மெலிந்த அரக்கன் ஜூலியட்மேல் காதல் கொண்டு அவளை இருளில் வைத்திருக்கிறானோ என்று கேட்கிறான். இவள் இதழிலும் கன்னத்திலும் சிவப்பு மாறவில்லை என்று அதற்குச் சற்று முன்புதான் அவனே சொல்லியிருக்கிறான் என்பது ஒவ்வொரு வாசிப்பிலும் என்னை உலுக்குகிறது.

இம்மூன்றையும் ஒரே தொடர் உருவகமாகக் கொள்ளலாமா, அல்லது ஜூலியட்டின் கூற்றை முன்னுணர்த்தலாகத் தனியே பிரிக்க வேண்டுமா? இந்நாடகத்தைக் கற்பித்த அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.