நிணநாளச் செல்களை இனங்காண லைவ்-1 மட்டும் போதுமா?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
பாலக்காடு மாவட்டத்தில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். யானைக்கால் நோயில் தோலடி நிணநாளங்கள் (நிணநீர் ஓடும் குழாய்கள்) விரிவடையும் விதமே என் ஆய்வேட்டின் பொருள். திசுச் சீவல்களில், நிணநாளச் செல்களுக்கு அடையாளக் குறியாகக் கொள்ளப்படும் லைவ்-1 புரதத்துக்குச் சாயமேற்றியபோது நாளங்களுக்கு வெளியே தனித்துக் கிடந்த செல்களும் நிறம் பிடித்தன. பெரிய நாளங்கள் சிலவோ வெளிறியே இருந்தன. எதை நம்புவது? வி.இ.ஜி.எஃப்-சி என்னும் புரதத்தையும் அடையாளக் குறியாகக் கொள்ளலாமா?

கொல்லங்கோடு ஆய்வகத்தார்:
தனித்த செல்கள் பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்களாக (கிருமிகளை விழுங்கும் தற்காப்புச் செல்களாக) இருக்கும். ஹையலூரான் என்னும் திசுச் சர்க்கரைப் பொருளைப் பற்றும் ஏற்பியான லைவ்-1 அவற்றிலும் உண்டு, கல்லீரலின் சைனுசாய்டுகளிலும் (நுண் இரத்த நாளங்களிலும்) உண்டு. பெரிய நாளங்கள் வெளிறியதற்குக் காரணம் வேறு: தொடக்க நிலை நுண்நாளங்களில் நிறைந்திருக்கும் இப்புரதம், வால்வுகளும் மென்தசையும் கொண்ட சேகரிப்பு நாளங்களில் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே செல்லின் உட்கருவிலுள்ள ப்ராக்ஸ்-1, சவ்விலுள்ள போடோபிளானின் ஆகிய புரதங்களையும் சேர்த்தே பாருங்கள். ப்ராக்ஸ்-1 மரபணு நீக்கப்பட்ட எலிக்கருக்களில் நிணநாள மண்டலமே உருவாகவில்லை என்பது 1999-இல் வெளிவந்த செய்தி. எனக்கு ப்ராக்ஸ்-1 மீதே முதல் நம்பிக்கை. போடோபிளானினுக்கு டி2-40 எதிர்ப்பொருள்தான் வழக்கம். மேல்தோலின் அடியடுக்குச் செல்களும் அதில் நிறம் பிடிக்கக்கூடும் என்பதால் அங்கே ஏமாற வேண்டாம்.

வாளையாறு வாசகர்:
வி.இ.ஜி.எஃப்-சி அடையாளக் குறி ஆகாது, அம்மா. அது பிற செல்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணி. நிணநாளச் செல்லில் இருப்பது அதன் ஏற்பியான வி.இ.ஜி.எஃப்.ஆர்-3. இந்த ஏற்பியின் மரபணு பழுதானால் பிறவியிலேயே கால் வீங்கும் மில்ராய் நோய் வருகிறது. முதிராப் புரதமாக வெளிவரும் வி.இ.ஜி.எஃப்-சி, சிசிபிஇ1 என்னும் புரதத்தின் துணையுடன் அடாம்டிஎஸ்-3 நொதி வெட்டிய பிறகே முழு வீரியம் பெறுகிறது. எனவே திசுவில் அதன் அளவு கூடியிருப்பதை மட்டும் வைத்து நாளங்கள் வளர்கின்றன என்று முடிவு கட்டலாகாது. உங்கள் தலைப்புக்கு நெருங்கிய செய்தி ஒன்று: யானைக்கால் நோய்ப் புழுவுக்குள் வாழும் வுல்பாக்கியா பாக்டீரியாவை அழிக்கும் டாக்சிசைக்ளின் மருந்து தரப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் வி.இ.ஜி.எஃப்-சி குறைந்தது, நாள விரிவும் தணிந்தது. மேலும், கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் பெயர்பெற்ற புரூஜியா மலாயி புழுவகையால் வரும் நோயில் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நிற்கும். ஆகவே திசு எந்தப் புழுவின் நோயாளியிடமிருந்து வந்தது என்பதையும் ஆய்வேட்டில் குறித்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
மிக்க நன்றி, ஐயா. மேக்ரோஃபேஜ்களைப் பிரித்தறிய அவற்றின் அடையாளக் குறியான சிடி68-க்கு அடுத்த சீவலில் சாயம் ஏற்றினால் போதுமா?

கொல்லங்கோடு ஆய்வகத்தார்:
சிடி68 சரிதான், ஆனால் அடுத்த சீவலில் அல்ல, லைவ்-1 ஏற்றிய அதே சீவலில் இரட்டைச் சாயமாக ஏற்றுங்கள். இரண்டு சீவல்களில் தெரிவது ஒரே செல்தானா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.