டோக்கன் முதல் ஏலம் வரை: பிபிஎம்என் போதுமா?

பாம்பன்காரர்: விசைப்படகுக்கு டோக்கன் வாங்குவதிலிருந்து மீன் ஏலம், பட்டுவாடா வரை வேலை ஓட்டத்தைப் படமாகக் காட்டும் குறியீட்டு மொழியான பிபிஎம்என்-இல் வரைகிறேன். வேலைகள் எல்லாம் சரியாக வருகின்றன, ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு தடைக்காலத்தில் சும்மா நிற்கிறதே, அந்த நிலையை எங்கே காட்டுவது? வேறு மொழிக்கு மாறலாமா?

மண்டபம்: பிபிஎம்என்-இன் பெரிய குறையே அதுதான். தகவல் அமைப்பு ஆய்வாளர்கள் வாண்ட், வெபர் இருவரும் தந்த அளவுகோலில் பொருள், அதன் நிலை, நிலைமாற்றம் ஒவ்வொன்றுக்கும் குறியீடு உண்டா என்று பார்ப்பார்கள். பிபிஎம்என்-இல் நிலைக்கென்று தனிக் குறியீடு கிடையாது, டேட்டா ஆப்ஜெக்டின் (தகவலைக் குறிக்கும் படம்) கீழே எழுதிவைக்கலாம், அவ்வளவுதான். பெட்ரி வலை என்ற வேறொரு வரைபட மொழியில் வட்டமே நிலைதான். ஆனால் யார் செய்கிறார் என்பதற்கு அதில் இடமில்லை.

தொண்டி: லேனையும் (வேலையை யார் செய்கிறார் என்று காட்டும் பட்டை) கவனியுங்கள். ஏலக்காரர், மீன்வளத் துறை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அதே லேன்தான், படிப்பவர் குழம்பிப்போவார். மாற வேண்டாம், படகுக்கு மட்டும் யுஎம்எல் என்ற இன்னொரு வரைபட மொழியின் நிலை வரைபடம் ஒன்று சேர்த்துவிடுங்கள்.

பாம்பன்காரர்: சரி, அப்படியே செய்கிறேன்.