மயக்க மருந்து கொடுத்தவர் டாக்டர் இல்லை, நர்ஸ்: மெடிகேர் அனுபவங்கள்

அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். அதில் மூன்று மாநிலங்களைச் சேர்ந்த மூன்று பேரின் அனுபவங்கள் இவை.

அயோவா

2025 மார்ச்சில் கார் நிறுத்துமிடத்தில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நாங்கள் இருப்பது மாநிலத் தலைநகர் டி மாய்னிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சிற்றூர். உள்ளூர் மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை. ஒப்புதல் கையெழுத்து வாங்க வந்த பெண்மணி, தான் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர் என்று சொன்னார். அம்மா என்னிடம் கேட்டார்: "சரி, மயக்க டாக்டர் எப்போது வருவார்?"

வரமாட்டார். அந்த மருத்துவமனையில் அப்படி ஒரு டாக்டரே கிடையாது. ஈரோட்டில் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது, மயக்க டாக்டர் வேறொரு மருத்துவமனையில் வேலையை முடித்துவிட்டு வரும்வரை எல்லோரும் கைகட்டிக் காத்திருந்தோம். அந்த ஞாபகத்தில் இருந்த அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. எனக்கும்தான்.

அந்தப் பெண்மணி அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லி, ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லை விரலால் அசைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நாற்பது வருடமாகத் திருகு இறுகிப்போன மூக்குத்தியைக் கழற்ற முடியாது என்றதும், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். முதுகில் ஊசி போடும்போது சொல்வதற்காக, "குனியுங்கள்" என்ற சொல்லை என்னிடம் கேட்டு மூன்று முறை சொல்லிப் பழகினார்.

அவர் உள்ளே போனதும் நான் செய்த காரியத்தில் பெருமை ஒன்றும் இல்லை. போனில் அவருடைய பெயரைத் தேடினேன். செவிலியர் உரிம எண், காலாவதி நாள், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது எல்லாமே யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு. தேசியச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கலாம். இரண்டும் சரியாக இருந்தன. கூடவே ஒரு வரி கண்ணில் பட்டது: மயக்க மருந்து செவிலியர் ஒரு மருத்துவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற மெடிகேர் நிபந்தனையிலிருந்து முதன்முதலாக, 2001 டிசம்பரில், விலகிய மாநிலம் அயோவா. 'விலகல்' என்ற சொல்லைப் பார்த்ததும், இவர் மெடிகேரிலிருந்தே விலகியவர், பணம் முழுவதும் நம் தலையில்தான் என்று பயந்துவிட்டேன். மாநிலம் மேற்பார்வை விதியிலிருந்து விலகுவது வேறு, ஒருவர் மெடிகேரிலிருந்து விலகுவது வேறு. அது அன்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் முடிந்த பிறகு பிரீமியம் கட்டி மெடிகேரில் சேர்ந்தவர். இங்கே வேலை பார்த்ததே இல்லை என்பதால் அந்த ஆண்டு மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் கட்டணம் போன்றவற்றுக்கான பி பகுதிக்கு 185. இவ்வளவும் கட்டிக்கொண்டிருக்கும்போது, ஆறு வாரம் கழித்து பில் நிறுவனம் ஒன்று மயக்க மருந்துக்கு மட்டும் 1,380 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பியது.

மெடிகேர் கணக்கு அப்படி இல்லை. அறுவைக்கேற்ற அடிப்படைப் புள்ளிகளோடு 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளி சேரும். அம்மாவுக்கு 6 அடிப்படைப் புள்ளிகள், ஒன்றரை மணி நேரத்துக்கு இன்னொரு 6. அந்த ஆண்டு ஒரு புள்ளி சுமார் 20 டாலர். ஆக மொத்தம் 240 சொச்சம். மெடிகேர் தரத் தொடங்குமுன் அந்த ஆண்டு நாங்களே கட்ட வேண்டிய முதல் 257 டாலரை ஜனவரியிலேயே வேறு செலவில் கட்டியாகிவிட்டது. எங்கள் பங்கு ஐந்தில் ஒன்று, அதாவது ஐம்பதுக்குள். மெடிகேருக்கு பில் அனுப்பும் மயக்க மருந்து செவிலியர், அது நிர்ணயிக்கும் தொகையைத்தான் முழுக் கட்டணமாக ஏற்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் கொஞ்சம் வசூலிக்க டாக்டர்கள் சிலருக்கு இருக்கும் சலுகைகூட இவர்களுக்கு இல்லை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது மறுமுனையில் இருந்தவர் வாதாடவே இல்லை. "திருத்திய பில் வரும்" என்றார். வந்தது.

நியூ ஜெர்சி

எங்கள் கதை நேர் எதிர். மாமனாருக்குப் பித்தப்பை அறுவை. மயக்க மருந்துக்கு ஒன்றல்ல, இரண்டு பில்கள்: ஒன்று டாக்டர் பெயரில், மற்றது செவிலியர் பெயரில். இரட்டை வசூல் என்று நினைத்து நான் மெடிகேருக்கே போன் செய்து கத்தினேன். பொறுமையாக விளக்கினார்கள். ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் நான்கு அறைகள்வரை செவிலியர்களை வழிநடத்தலாம். அப்போது கட்டணம் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். செவிலியர் வரியில் கியூஎக்ஸ் என்றும், டாக்டர் வரியில் கியூகே என்றும் குறியீடு இருக்கும். செவிலியர் தனியாகச் செய்திருந்தால் கியூஇசட். பில்லை எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க மறுபடியும் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்யவில்லை.

டெக்சாஸ்

நான் அந்த நர்ஸ்களில் ஒருத்தி. நாகர்கோவிலில் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். இங்கே உரிமத் தேர்வு எழுதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒரு வருடமாவது அந்த அனுபவம் இல்லாமல் மயக்கவியல் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பிறகு மூன்று வருட முனைவர் படிப்பு. அந்த மூன்று வருடமும் கணவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. 'டாக்டர்' பட்டம் இருந்தாலும் நோயாளியிடம் நர்ஸ் என்றுதான் சொல்வேன். தமிழ்க் குடும்பம் என்றால் உடனே, "ஏம்மா, டாக்டருக்கே படித்திருக்கலாமே" என்பார்கள். அலைஸ் மகாவ் என்ற நர்ஸ், மேயோ கிளினிக் மருத்துவமனையின் மேயோ சகோதரர்களுடைய அறுவை அறையில் 14,000 பேருக்கு மேல் மயக்க மருந்து கொடுத்து, அதனால் ஒரு சாவுகூட இல்லை என்று 1906-இல் எழுதியதை அவர்களிடம் சொல்லிப் பார்ப்பேன். எடுபடாது.

தேசியத் தேர்வைவிட என்னைப் படுத்தியது மெடிகேர் பதிவுதான். எங்களுக்கு மெடிகேர் நேரடியாகப் பணம் தரத் தொடங்கியது 1989-இல். அதற்கு நம் பெயரில் பதிவு வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தது, செவிலியர் உரிமத்தில் கணவர் பெயர், பில் போடத் தேவையான பத்து இலக்க அடையாள எண்ணில் வெறும் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள் என்று ஒரு கணினிக்கு எப்படிப் புரிய வைப்பது? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. புதிதாகப் போட்டால், அது அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் முன்புவரை செய்த வேலைக்குத்தான் பில் போடலாம். அதற்கும் முந்தைய வேலைக்கு ஒரு காசும் வராது. மருத்துவக் குழுவின் கணக்காளர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கடைசியில் எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றினேன். இப்போது அறுவை அறையில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.