கிரான் துரிஸ்மோ: பெருவழி மகிழுந்து என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நெடுந்தொலைவை வேகமாகக் கடக்கக் கட்டிய கார் வகைக்கு இத்தாலியர் வைத்த பெயர் கிரான் துரிஸ்மோ, சுருக்கமாக ஜிடி. அதற்குத் தமிழ் கேட்டு நான் போட்ட மடலுக்கு நாலே நாளில் இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் நன்றி. ஐம்பது, அறுபதுகளின் இத்தாலிய கார்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பத்தியிலேயே இந்தச் சொல் வழியை மறித்துவிட்டது. உங்கள் பரிந்துரைகளை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததில் தோன்றியதைச் சொல்கிறேன்.

> பெருஞ்சுற்றுலா உந்து. சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

சொல்லுக்குச் சொல் வருகிறது, பொருள் வரவில்லை. சுற்றுலா என்றதும் நமக்குக் கூரைமேல் மூட்டை கட்டிய வேனும் கொடைக்கானலும்தான் மனத்தில் வரும். ஸ்டாண்டில் போய் ‘சுற்றுலா உந்து’ என்றால் டூரிஸ்ட் பர்மிட் வண்டியைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இத்தாலியர் ‘துரிஸ்மோ’வை வண்டிக்குப் பெயராக வைத்தபோது ஊர் பார்க்கப் போவதை நினைக்கவில்லை. 1929இல் வந்த ஆல்ஃபா ரோமியோ 6சி 1750ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வித்தோரியோ யானோ வடிவமைத்த ஆறு சிலிண்டர் வண்டி. துரிஸ்மோ, கிரான் துரிஸ்மோ, சூப்பர் ஸ்போர்ட், கிரான் ஸ்போர்ட் என்று அதைப் படிப்படியாக விற்றார்கள். வீட்டார் ஏறிப் போக முதற்படி, பந்தயம் ஓட்டுகிறவருக்கு மேற்படி. கிரான் துரிஸ்மோ நடுவில் நிற்பது. ஆகவே ‘கிரான்’ என்பது வண்டியின் பருமனையோ சுற்றுலாவின் பெருமையையோ சொல்வதில்லை. சாலை வண்டிகளுக்குள் மேலான வண்டி என்கிறது.

> சொகுசு மகிழுந்து என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் ஓட்டுநர் முன்னால் இருக்க முதலாளி பின்னால் சாய்ந்து உட்காரும் பெரிய வண்டிதான் புரியும். 1962இல் ஃபெராரி தன் 250 ஜிடி வரிசையில் ஒரு வண்டிக்கு ‘லுஸ்ஸோ’ என்று பெயர் வைத்தது. இத்தாலியனில் லுஸ்ஸோ என்றால் சொகுசு. ஜிடி என்ற சொல்லுக்குள்ளேயே சொகுசு இருந்திருந்தால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டிய தேவை என்ன?

மொதெனாவில் ஒருமுறை அந்த லுஸ்ஸோவைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். வெளியழகைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். இருக்கை இரண்டுதான். அவற்றுக்குப் பின்னால் உட்கார இடமில்லை. மெத்தை போல வரிவரியாகத் தைத்த தோல் விரிப்போடு ஒரு மேடை, அதன்மேல் கொக்கி வைத்த தோல் வார்கள். பெட்டியை வைத்து இறுக்கிக் கட்ட. வளைவில் வேகமாகத் திரும்பினால் பெட்டி முதுகில் வந்து மோதக் கூடாது என்று யோசித்து வைத்தது. இந்த வண்டி வகையின் இலக்கணம் முழுவதும் அந்த வாரில் இருக்கிறது. பெட்டியோடு போகிறோம், தொலைவு போகிறோம், வேகமாகப் போகிறோம், நாமே ஓட்டிக்கொண்டு போகிறோம். நமக்கு வேண்டிய சொல் இந்த நான்கையும் சுமக்காவிட்டாலும் ஒன்றையும் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

> பந்தயச் சீருந்து. ஜிடி என்றாலே பந்தயம்தானே?

இந்தக் குழப்பம் வருவது இயல்பு, காரணம் ஃபெராரியின் 250 ஜிடிஓ. ஜிடிஓவில் கடைசி எழுத்து ‘ஓமொலொகாத்தோ’. கிரான் துரிஸ்மோ வகைக்குத் தகுதி உண்டு என்று பந்தயக் கூட்டமைப்பு ஏற்றது என்று பொருள். அந்த வகையில் ஓட வேண்டுமானால் 100 வண்டியாவது கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி கட்டிய ஜிடிஓ நாற்பதைக்கூட எட்டவில்லை. ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த 250 ஜிடிக்கு இது மேலுடல் மாற்றம் மட்டுமே என்று காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் சாலை வண்டிக்கான கதவு வழியாகத்தான் அது பந்தயத்துக்குள் நுழைந்தது. வகையின் பெயரிலேயே ‘பந்தய’ என்று வைத்துவிட்டால் இந்த வரலாற்றை எழுதவே முடியாது. ‘பந்தயச் சீருந்து என்று ஒப்புதல் பெற்ற பந்தயச் சீருந்து’ என்று எழுத வேண்டி வரும்!

லம்போர்கினியிலும் இதே பாடம். ஜியோத்தோ பிட்சரினி வடிவமைத்த பன்னிரண்டு சிலிண்டர் வி12 எஞ்சின் பந்தய எஞ்சினைப் போலச் சீறியது. 1964இல் 350 ஜிடி விற்பனைக்கு வரும்போது அதன் திறனைக் குறைத்துச் சாலைக்குப் பழக்கியிருந்தார்கள். நாள் முழுக்க ஓட்டினாலும் சலிக்காத வண்டியைத்தான் ஃபெருச்சியோ லம்போர்கினி கேட்டார்.

‘விரைவுந்து’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் விரைவுப் பேருந்து அதை முன்பே எடுத்துக்கொண்டது.

இனி என் முன்மொழிவு. அதற்கு லான்சியா அவ்ரேலியா பி20 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1951இல் தூரினில் வந்தது. ஜிடி என்ற வகை இந்த வண்டியில்தான் முழு உருவம் பெற்றது என்று பலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி. தொழிற்சாலையில் தொடர்ந்து உற்பத்தியான முதல் வி6 எஞ்சின் அவ்ரேலியாவில் இருந்ததுதான். பிரான்செஸ்கோ தே விர்ஜிலியோ கணக்குப் போட்டுச் சமன்படுத்தியது. ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்தால் எஞ்சின் நீண்டு உட்காரும் இடத்தைத் தின்றுவிடும். 60 பாகையில் இரண்டு வரிசையாகப் பிரித்ததால் எஞ்சின் குட்டையானது. கிளட்சையும் கியர்ப்பெட்டியையும் பின் அச்சுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எடை முன்னும் பின்னும் பகிர்ந்துகொண்டது. இரண்டு லிட்டர், 75 குதிரைத்திறன். இன்று கேட்டால் சாதாரணம். அந்த ஆண்டு மில்லே மில்யாவில், பிரெஷாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பொதுச்சாலைப் பந்தயத்தில், ஜொவான்னி பிராக்கோவும் உம்பெர்த்தோ மாலியோலியும் இந்த வண்டியை ஓட்டி இரண்டாவதாக வந்தார்கள். முன்னால் போனது 4.1 லிட்டர் ஃபெராரி. பாதி எஞ்சினோடு அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது, கூரையும் கதவும் உள்ள ஒரு சாலை வண்டி.

இப்போது அந்தப் பெயரைப் பாருங்கள். அவ்ரேலியா என்பது ரோமிலிருந்து கடலோரமாக வடக்கே போகும் பழைய ரோமானியச் சாலை. லான்சியா அடுத்து விட்ட வண்டிகள் அப்பியா, ஃப்லமீனியா. அவையும் சாலைகள்தான், ஒன்று தெற்கே பிரிந்திசிக்குப் போவது, மற்றது மலையேறி இறங்கி ரிமினிக்குப் போவது. தொலைவுக்கென்று கட்டிய வண்டிக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று இத்தாலியர் தேடி, நாட்டை ஊடறுத்துப் போகும் பழஞ்சாலையில் போய் நின்றிருக்கிறார்கள்.

அத்தகைய சாலைக்கு நம்மிடம் சொல் உண்டு: பெருவழி. கோயம்புத்தூர் சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் வெட்டியிருக்கும் சோழர்காலக் கல்வெட்டில் இராசகேசரிப் பெருவழி. தருமபுரிப் பக்கத்துக் காதக்கல்லில் அதியமான் பெருவழி, நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவோடு. ‘அவ்ரேலியப் பெருவழி’ என்று எழுதிப் பார்த்தேன், துளியும் உறுத்தவில்லை. கிரானுக்குப் ‘பெரு’ தானாகவே வந்து அமர்கிறது. சுற்றுலாவின் சாயல் போய்விடுகிறது.

எனவே கிரான் துரிஸ்மோ என்பதற்குப் பெருவழியுந்து என்று முன்மொழிகிறேன். அடித்துத் துவையுங்கள்.

இன்னொன்று, இழைக்குச் சற்று வெளியே. ‘கரோட்செரியா’வுக்கு ஒருவர் ‘மேலுடல் வடிவமைப்பகம்’ என்று தந்திருந்தார். இத்தாலியில் நடந்தது வெறும் வடிவமைப்பு இல்லை. தொழிற்சாலை சட்டகத்தையும் எஞ்சினையும் அனுப்பும். மிலானில் தூரிங், தூரினில் பினின்ஃபரினா, மொதெனாவில் ஸ்கல்யெத்தி மேலே உடலைக் கட்டுவார்கள். கரூருக்கு பஸ் சேசிஸ் வந்து பாடி கட்டிக்கொண்டு போகிறதே, அதே முறை. தூரிங்கின் ‘சூப்பர்லெஜ்ஜேரா’ உத்தியில் மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்து முதலில் கூடு கட்டுவார்கள், அதன்மேல் சுத்தியலால் தட்டி எடுத்த அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். தகடு தட்டும் தொழிலாளிக்கு அங்கே ‘பத்திலாஸ்த்ரா’ என்று பெயர், நேர்ப்பொருளே தகடு தட்டி. நம் டிங்கர்தான் அவர். கரோட்செரியாவை ‘கூடு கட்டும் பட்டறை’ என்று எழுதினால் அந்தச் சுத்தியல் ஓசை வாசகர் காதில் விழும்.

அன்புடன்.

---

ஐயா, வணக்கம்.

கூடு கட்டும் பட்டறைக்கு என் ஓட்டு இப்போதே. முப்பது வருடம் பட்டறையில் இருந்தவன், அந்த ஓசை எனக்குத் தெரியும்.

பெருவழியுந்து எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று ஐயம்.

ஒன்று, பெருவழியில் நாள்கணக்கில் ஓடுவது நம் ஊரில் லாரி. டிரைவர்கள் ‘லைன் வண்டி’ என்பார்கள். பெருவழியுந்து என்று நாளிதழில் படித்தால் நான் வடநாட்டுக்கு வெங்காயம் ஏற்றப்போகும் பத்துச் சக்கர வண்டியைத்தான் நினைப்பேன்.

இரண்டு, வேகம் எங்கே? ஒரு சாதாரண ஃபியட்கூடத்தான் பெருவழியில் போகும்.

மூன்று, என் பேரன் ஜிடி என்கிறான். அவனிடம் போய்ப் பெருவழி என்றால் எந்த வழி தாத்தா என்று கேட்பான்.

---

ஐயா, வணக்கம்.

முதல் ஐயத்தில் நீங்கள் சொல்வதே சரி. லாரி எனக்குத் தோன்றவே இல்லை. ‘உந்து’ என்று பொதுவாக விட்டதுதான் பிழை. பேருந்து, சிற்றுந்து, சரக்குந்து எல்லாம் அதற்குள் வந்துவிடும். அதனால் பெருவழி மகிழுந்து என்று மாற்றிக்கொள்கிறேன். நீளம் கூடுகிறது, பரவாயில்லை. நீளத்துக்குக் கைமாறும் கிடைக்கிறது. மகிழுந்தில் உள்ள ‘மகிழ்’ இத்தனை காலம் வெறும் ஓசையாகக் கிடந்தது. இந்த வகை வண்டிக்கு அது பொருளோடு பொருந்துகிறது, ஏனென்றால் போக வேண்டிய கட்டாயத்தால் மட்டும் யாரும் இதை வாங்குவதில்லை. ஓட்டும் மகிழ்ச்சிக்காக வாங்குகிறார்கள். நெடுமகிழுந்து என்று சுருக்கலாமா என்று ஒரு தோழி தனிமடலில் கேட்டிருந்தார். வேண்டாம், அது நீளமாக இழுத்துக் கட்டிய லிமோசின் ஆகிவிடும்.

வேகம் பற்றி: மூலச்சொல்லிலும் வேகம் இல்லை. கிரான் துரிஸ்மோ என்ற இரண்டு சொல்லில் எதுவும் வேகத்தைச் சொல்லவில்லை. வேகத்தை வண்டிகள் தாமே சேர்த்தன, சொல் பின்னால் ஏந்திக்கொண்டது. மசெராத்தி 3500 ஜிடி 1957இல் ஜெனீவாவில் காட்டப்பட்டது. அதன் எஞ்சின் பந்தய வண்டியிலிருந்து இறங்கி வந்தது. அதுவரை சாலை வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கட்டிய அந்த நிறுவனம், இந்த ஒரு வண்டியில் இரண்டாயிரத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டுகளில் மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை கதிரவன் சாலை (அவுத்தொஸ்த்ராதா தெல் சோலே) என்ற விரைவுச்சாலையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1956இல் தொடங்கி 1964இல் முடித்தார்கள், 750 கிலோமீட்டருக்கும் மேல். மிலானில் காலை உணவை முடித்துக் கிளம்பியவர் அன்றே நேப்பிள்ஸில் கடல் பார்க்கலாம் என்ற நிலை வந்ததும் பழைய சொல்லுக்குள் புது வேகம் குடியேறியது. பெருவழிக்கும் அப்படியே நடக்கும். நாலு கட்டுரையில் வந்தால் போதும், சொல்லோடு வேகமும் ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண ஃபியட்டும் போகும்தான். ஆனால் பேருந்தில் ‘பேர்’ இருப்பதால் மற்ற பெரிய வண்டியெல்லாம் பேருந்து ஆகிவிடவில்லையே. கலைச்சொல்லுக்கு அடையாளம் போதும், முழு விளக்கத்தையும் அதன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

பேரன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். வண்டியின் மேல் பொறித்திருக்கும் பெயரை நாம் தொட வேண்டாம். ஃபெராரி 250 ஜிடி அப்படியே இருக்கட்டும், 3500 ஜிடியும் அப்படியே. அது இடுகுறிப் பெயர்போல நிற்கும். வகையைப் பொதுவாகச் சொல்லும் இடத்தில்தான் நமக்குத் தமிழ் வேண்டும். ‘அறுபதுகளில் இத்தாலியில் கட்டிய பெருவழி மகிழுந்துகளில் 350 ஜிடியும் ஒன்று’ என்ற வாக்கியத்தை உங்கள் பேரனுக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த வழி என்று கேட்டால் மிலானிலிருந்து நேப்பிள்ஸ் போகும் வழி என்று சொல்லுங்கள், இன்னும் கேட்பான்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிறன்று சொற்பட்டியலில் இப்படி ஏற்றிவிடுகிறேன்:

பெருவழி மகிழுந்து: கிரான் துரிஸ்மோ. இருவரோ, நெருக்கி உட்கார்ந்தால் நால்வரோ, தம் பெட்டிகளோடு நெடுந்தொலைவை ஒரே மூச்சில் விரைந்து கடக்கக் கட்டிய, மூடிய கூரையுள்ள மகிழுந்து. பெயரில் வரும்போது ஜிடி.

கூடு கட்டும் பட்டறை: கரோட்செரியா.

தகுதியேற்பு: ஓமொலொகாத்தோவின் பெயர்வடிவம். ஜிடிஓவை ‘தகுதியேற்பு பெற்ற பெருவழி மகிழுந்து’ என்று விரிக்கலாம்.

பெர்லினெத்தா என்ற வண்டிவகைப் பெயரை இதில் சேர்க்கவில்லை. இத்தாலியனில் அது ‘சின்ன பெர்லினா’, அதாவது சின்ன நாலுகதவு வண்டி. ஆனால் வண்டிக்கு இருப்பது இரண்டே கதவு, கூரை பின்பக்கம் வழிந்து இறங்குகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். கூரைச் சரிவைக் குறிக்க ஓடு வேய்கிறவர்கள் புழங்கும் சொற்கள் யாருக்காவது தெரிந்தால் அங்கே எழுதுங்கள்.

அன்புடன்.