கழித்தால் மட்டும் வெக்டர் புலம் கிடைப்பது ஏன்?

கேள்வி (கொடைக்கானல், முதுகலைக் கணித மாணவி)

வணக்கம். வெக்டர் புலங்களை (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையும் வேகமும் தருபவை; அத்திசையில் சார்புகளை வகையிடும் செயலிகளாகவும் இவற்றைக் கொள்ளலாம்) கூட்டலாம், எண்ணால் பெருக்கலாம் என்பதால் அவை வெக்டர் வெளியாகின்றன என்பது விளங்குகிறது. ஆனால் க, ச என்னும் இரு புலங்களை அடுத்தடுத்துச் செயல்படுத்திப் பெறும் கச ஒரு புலமாகாது என்றும், லீ அடைப்பு எனப்படும் கச − சக மட்டும் புலமாகும் என்றும் பாடத்தில் வருகிறது. வரிவரியாகப் போட்டுப் பார்த்தேன், விடை சரியாகவே வந்தது. ஆயினும் கழிக்கும்போது எது ஒழிகிறது, மிஞ்சுவது எதைக் குறிக்கிறது என்பது பிடிபடவில்லை.

பதில் 1 (வத்தலக்குண்டு)

புலத்துக்கு இலக்கணமே பெருக்கல் விதிதான், அதாவது க(பம) = க(ப)ம + பக(ம). ப, ம என்னும் சார்புகளின் பெருக்கத்தின்மீது கச செயல்படும்போது, அந்த விதிக்கு உட்பட்ட உறுப்புகளோடு க(ப)ச(ம) + ச(ப)க(ம) என்னும் மிகையும் வந்து சேர்கிறது. க, ச இரண்டையும் இடம் மாற்றினாலும் இந்த மிகை மாறாது என்பதால், சக அதே அளவு மிகையைக் கொண்டிருக்கிறது. கழித்தவுடன் ஒழிவது அதுவே.

பதில் 2 (பூம்பாறை)

மிஞ்சுவதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பூண்டு வயல் ஒன்றின் மேற்கு வரப்பில் ஒரு பனிமூட்டத் துணுக்கு நிற்பதாகக் கொள்வோம். க அதை நொடிக்கு ஓர் அலகு கிழக்கே கொண்டுசெல்லும். ச அதை வடக்கே தள்ளும். அந்த வேகம் மேற்கு வரப்பிலிருந்து துணுக்கு இருக்கும் தொலைவுக்குச் சமம். மூன்று நொடி க, மூன்று நொடி ச, பிறகு மூன்று நொடி கவின் எதிர்த்திசை என்று நகர்த்தினால், துணுக்கு வரப்புக்குத் திரும்பியிருக்கும், ஆனால் ஒன்பது அலகு வடக்கே தள்ளி. இறுதியாக மூன்று நொடி சவின் எதிர்த்திசையில் விட்டாலும், வரப்பில் சவின் வேகம் பூச்சியம் என்பதால் துணுக்கு அசையாது. நேரத்தைப் பாதியாக்கினால் இந்த விலகல் கால்பங்காகும்; விலகலை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் வடக்கு நோக்கிய ஓரலகுப் புலமே லீ அடைப்பு. வரப்பில் கவும் வடக்கே காட்டவில்லை, சவும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் முதன்முதலில் இதைத் தாளில் வரைந்து பார்த்த அன்றுதான் பாடம் எனக்கு உயிர் பெற்றது.

பதில் 3 (பெருமாள்மலை)

மேற்கண்டவற்றோடு இரண்டைச் சேர்க்க வேண்டும். லீ அடைப்புக்குச் சேர்ப்புப் பண்பு, அதாவது மூன்றை எப்படிச் சேர்த்து எடுத்தாலும் விடை மாறாமை, கிடையாது. அதன் இடத்தில் நிற்பது ஜேகோபி முற்றொருமை. ஒரு புலத்தோடு அடைப்பு எடுப்பதும் பெருக்கல் விதியைப் பின்பற்றும் என்பதே அதன் பொருள் என்று எடுத்துக்கொண்டால், முதல் பதிலில் சொன்ன விதியே மேல்தளத்தில் திரும்ப வருவது தெரியும்.

இரண்டாவது, எண்ணால் பெருக்குவதையும் சார்பால் பெருக்குவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோளத்தின் மூன்று அச்சுச் சுழற்சிகளும் அடைப்புக்குள் மூடியவை, அதாவது இரண்டின் அடைப்பும் அவற்றின் கலவையாகவே வரும்; இவ்வாறு மூடிய வெக்டர் வெளியே மூன்று பரிமாண லீ இயற்கணிதம். ஆனால் 1904 முதல் நம் கொடைக்கானல் வானாய்வகம் படம்பிடித்துவரும் சூரியனோ நடுக்கோட்டில் சுமார் 25 நாளிலும் துருவங்களுக்கருகே சுமார் 35 நாளிலும் சுற்றுகிறது. அதன் பரப்பின் வேகம் ஒரு சுழற்சியை, அட்சரேகையைப் பொறுத்து மாறும் சார்பால் பெருக்கியதாகும். அந்தச் சார்பு மாறிலி அல்ல என்பதால் அது மூன்று பரிமாணத்துக்குள் அடங்காது. க-வுக்கும், ச-வை ப என்னும் சார்பால் பெருக்கிய பச-வுக்குமான அடைப்பில், ப-வால் பெருக்கப்பட்ட பழைய அடைப்போடு க(ப)ச என்னும் கூடுதல் உறுப்பும் வருவதை இதே உதாரணத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்: க-வும் ச-வும் சூரியனின் அச்சுச் சுழற்சியே என்று வைத்தால் அந்த உறுப்பு பூச்சியமாகும், வேறோர் அச்சை க-வாக எடுத்தால் ஆகாது.