ஐ-70 நெடுஞ்சாலையில் அந்த 7 சதவீத இறக்கம்: குடும்பத்தோடு ஆர்.வி.யில் போகலாமா?

ஒமாஹாவாசி:
போன வாரம் இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நியூஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆர்.வி.யில் (படுக்கை, சமையலறை உள்ள பயண வண்டியில்) போகிற குடும்பத்துக்கு அவர் சொன்ன யோசனை இது: "ஐ-80 முழுக்கச் சோளக்காடு, தூக்கம்தான் வரும். டென்வர் வழியாக ஐ-70ல் போங்கள், மலையைப் பார்த்தபடி போகலாம்." வண்டி வாடகைக்கு எடுத்தது, 30 அடி நீளம். ஓட்டப்போகிறவர் இதுவரை கேம்ரி காரைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. பின்னால் பிள்ளைகளும் வயதான அப்பா அம்மாவும். அவரை டென்வருக்கு மேற்கே ஐ-70ல் மலையைக் குடைந்து போட்ட ஐசனோவர் சுரங்கத்துக்கு அனுப்புவது நியாயமா? சுரங்கம் இருப்பது 11,158 அடியில். வெளியே வந்ததும் சில்வர்தார்ன் ஊர் வரை 7 சதவீத இறக்கம், அதாவது 100 அடிக்கு 7 அடி. பிரேக் போன லாரி ஏறி நிற்க ஓரத்தில் ஜல்லி கொட்டிய தனி ஏற்றம் போட்டு வைத்திருக்கிறார்கள். அது என்ன, அழகுக்கா?

டென்வர் குமரன்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம், ஒளிந்து விளையாட வேண்டாம். 7 சதவீதம் 7 சதவீதம் என்று பயமுறுத்துகிறீர்களே, கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 8 மைலில் 2,000 அடிக்குக் கொஞ்சம் மேலே இறங்குகிறோம். சராசரி 6 கூட வராது. டோ-ஹால் பட்டனை (பாரத்தோடு ஓட்டும்போது கியரைத் தாழ்வாக வைத்திருக்கும் பட்டன்) அழுத்தி, கியரைக் குறைத்து, லாரிகளுக்குப் பின்னால் வலது தடத்தில் மெதுவாகப் போனால் பிரேக்கைத் தொடுகிற வேலையே கொஞ்சம்தான். சுரங்கம் திறந்தது 1973ல். அன்றிலிருந்து ஆர்.வி.கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

ஒமாஹாவாசி:
போர்டில் 7 என்று எழுதியிருக்கிறது. கொலராடோ நெடுஞ்சாலைத் துறைக்குத் தெரியாத கணக்கு உங்களுக்குத் தெரியுமா? சராசரியை வைத்துக்கொண்டு பிரேக் சூடாவதைத் தடுக்க முடியாது. 7 வருகிற இடத்தில் 7தான்.

எடிசன் பிரியா:
கேட்டது நான்தான். நாங்கள் ஜூலை முதல் வாரம் கிளம்புகிறோம். இறக்கம் ஒருபக்கம் இருக்கட்டும், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. 11,000 அடியில் மூச்சுத் திணறுமா? வழியில் ஒரு ராத்திரி கீழே தங்கிவிட்டு ஏறினால் போதுமா?

டென்வர் குமரன்:
டென்வரே 5,280 அடிதான் அம்மா. அங்கே ஒருநாள் தங்கிவிட்டு ஏறுங்கள், சுரங்கத்தைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஒமாஹாக்காரர் சொல்கிற வழியில் உள்ள உண்மையான ஆபத்தைக் கேளுங்கள். வயோமிங் காற்று. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே எல்க் மலையடிவாரத்தில் காற்றுக்குக் கவிழ்ந்த லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளூர்க்காரர்கள் "அந்தப் பக்கம் ரோடு போடாதீர்கள், மெடிசின் போ வழியாகப் போகும் பழைய ரோட்டை ஒட்டியே போடுங்கள்" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள். கேட்காமல் போட்டு 1970ல் திறந்தார்கள், திறந்த சூட்டிலேயே பனி காரணமாக ரோட்டை அடைத்தார்கள். இந்த ரோட்டுக்குத்தான் இவர் வக்காலத்து வாங்குகிறார்.

ஒமாஹாவாசி:
பனியா? ஜூலையில்? அந்த அம்மா கிளம்புகிற மாதத்தைப் படித்தீர்களா? அங்கே காற்று பேயாட்டம் போடுவது குளிர்காலத்தில். கோடையில் இடிமழை நேரத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்தால் போதும். ஐ-80ன் உச்சி ஷெர்மன் மேடு, 8,640 அடி. ரெஸ்ட் ஏரியாவில் லிங்கன் தலைச்சிலை இருக்கிறது, பிள்ளைகள் இறங்கி ஓடலாம். 1860களில் ரயில்பாதை போட்ட யூனியன் பசிபிக்காரர்கள் டென்வரை விட்டுவிட்டு வயோமிங் பக்கம் திரும்பியது ஏன்? ஏற்றம் குறைவு என்பதால்தான். இன்ஜினுக்கும் மூச்சு வேண்டும் சார். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 11,000 அடியில் சக்தியில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். ஏறும்போது திணறல், இறங்கும்போது 7 சதவீதம்.

தெற்கு வழி:
இரண்டு பேரும் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? ஐ-40ஐப் பிடியுங்கள். அரிசோனாவில் 7,335 அடிதான் உச்சி. வில்லியம்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன் 60 மைல். மரங்கள் கல்லாகிப்போன 'கல்லான காடு' ரோட்டோரமே இருக்கிறது. குடும்பப் பயணம் என்றால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டாமா?

ஒமாஹாவாசி:
ஜூலையில் ஐ-40ல் வருகிற நீடில்ஸ் ஊரில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகும். அந்த வெயிலில் கூரை ஏசி திணறும், ஜெனரேட்டர் சூடாகி நிற்கும், பெரியவர்கள் பாடு என்ன ஆவது? இந்த மன்றத்தின் யெல்லோஸ்டோன் விவாத இழையிலும் இப்படித்தான், கேட்காத வழியைக் கொண்டுவந்து நுழைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

தெற்கு வழி:
யெல்லோஸ்டோன் இழையில் ஐ-90ல் போகச் சொன்னேன், பேட்லேண்ட்ஸும் மவுண்ட் ரஷ்மோரும் அந்த வழியில்தான் இருக்கின்றன. அப்போதும் ஐ-80, ஐ-80 என்று கத்தியது நீங்கள். நெப்ராஸ்காவைத் தாண்டி அமெரிக்கா இருக்கிறது என்பதை யாராவது இவருக்குச் சொல்லுங்கள்.

எடிசன் பிரியா:
வால்மார்ட் பார்க்கிங்கில் ராத்திரி தங்கலாமா, கேம்ப் கிரவுண்ட் முன்பதிவு செய்ய வேண்டுமா?

டென்வர் குமரன்:
வால்மார்ட்டில் கடைக்குக் கடை மாறும், மேனேஜரைக் கேட்க வேண்டும். ஆனால் அங்கே மின் இணைப்பு கிடையாது. மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கேம்ப் கிரவுண்ட்தான் சரி. ஜூலை நாலாம் தேதி வாரத்துக்கு இப்போதே போடுங்கள்.

ஒமாஹாவாசி:
மாவுக்குக் கவலைப்படுகிறவர் பிரேக்குக்குப் படவில்லை. கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. முதல்முறை ஓட்டுகிறவர் 7 சதவீதத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும்? லைனிங் கருகும் வாடை வரும், அப்புறம் பெடல் தரையைத் தொடும். இன்னொன்று, உங்கள் ஐ-70 சான் பிரான்சிஸ்கோவுக்கே போவதில்லை. யூட்டாவில் கோவ் ஃபோர்ட்டில் முடிந்துவிடுகிறது. அதற்கு முன் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க் இல்லை. இதை ஏன் மறைத்தீர்கள்?

டென்வர் குமரன்:
மறைக்கவில்லை. கிரீன் ரிவரில் டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும், அது அங்கே போகிற எல்லோருக்கும் தெரியும். சரி, நீங்கள் மறைத்ததைச் சொல்லட்டுமா? ஐ-80ல் கலிபோர்னியாவின் டானர் உச்சி 7,239 அடி. அங்கிருந்து கோல்ஃபாக்ஸ் வரை சுமார் 40 மைல், கிட்டத்தட்ட 4,800 அடி இறக்கம். என் 8 மைல் ஆபத்து, உங்கள் 40 மைல் பூந்தோட்டமா? அதுவும் வயோமிங்கில் மேற்கே போகும்போது எதிர்க்காற்று. கேலனுக்கு 8 மைல் கொடுக்கிற வண்டி அதைக்கூடக் கொடுக்காது.

ஒமாஹாவாசி:
40 மைலில் பிரித்து இறங்குவதும் 8 மைலில் கொட்டுவதும் ஒன்றா? மாடிப்படியில் இறங்குவதும் மாடியிலிருந்து குதிப்பதும் ஒன்று என்கிறீர்கள்.

டென்வர் குமரன்:
டானரிலும் 6 சதவீதம் வருகிற இடம் இருக்கிறது. 6ல் பிழைக்கிற பிரேக் 7ல் செத்துவிடுமா? வெயில் பாலைவனத்தில், காற்று வயோமிங்கில், எங்கள் ஊரில் மட்டும்தான் எமன் உட்கார்ந்திருக்கிறானா?

தெற்கு வழி:
அந்த அம்மாவுக்கு யாராவது மைல் கணக்கு, நாள் கணக்கு போட்டுக் கொடுத்தீர்களா? இல்லை. நான் தருகிறேன், ஐ-40க்கு.

ஒமாஹாவாசி:
ஐ-40 தெற்கு கலிபோர்னியாவின் பார்ஸ்டோவில் முடிகிறது. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மறுபடி வடக்கே ஏற வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். குமரன், சராசரி சராசரி என்று நழுவாதீர்கள். சுரங்கத்தின் மேற்கு வாசலில் இருக்கிற போர்டில் 7 இருக்கிறதா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை.

டென்வர் குமரன்:
இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் தினமும் இத்தனை வண்டிகளும் டில்லன் ஏரிக்கு இறங்குகின்றன. டானரில் 40 மைல் இருக்கிறதா இல்லையா? நீங்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.